பிழைதிருத்தம்

புறக்கிறாசி கோணாமலையர் சட்டநிரூபண சபையில்
மொத்தம் ஏழு தரம் எழும்பினார்.
அதில் மூன்று தரம் யன்னலைச் சாத்தச் சொல்ல.
கடற்காற்று அவருடைய கடதாசிகளை மட்டும் தேடி வந்தது.
நான் அவருடைய கிளாக்கர்.
கணக்கு என்னிடம்தான் இருக்கிறது.

இருபத்துநாலாம் ஆண்டு.
காணி உறுதியும் வருமானமும் கையெழுத்தும்
ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால்தான் வாக்கு.
முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வரை தேடியும்
பத்திருபது வண்டிலுக்குள் அடங்கிவிட்டார்கள்.
எண்பத்தொன்றுக்கு எழுபத்தாறு. வென்றார்.
தோற்றவர் மச்சான்.
அன்றிரவு இரண்டு வீட்டிலும்
ஒரே மரையின் இறைச்சி.

மாங்குளத்தில் இரவு மெயில்.
கறுத்தக் கோட்டு, வெள்ளைத் தலைப்பா,
வலது பையில் கொயினா,
இடது பையில் ஆலடிமுறிப்புக் குளத்தின் படம்.
நான் கீறினது. துருசு உடைந்த இடத்தில்
சிவப்பு மையால் ஒரு வட்டம்.
குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை,
வட்டத்தில் மை நின்றது.

துருசுக்கு இங்கிலீசில் சுலூஸ்.
வவுனியா தாண்டும் மட்டும் சொல்லிப் பார்த்தார்.
சுலூஸ். சுலூஸ்.
எதிரே படுத்திருந்த பாதிரியார்
நுளம்பு துரத்துகிறார் என்று நினைத்துத்
தன் போர்வையில் பாதியை நீட்டினார்.

தேத்தண்ணிக்குப் பிறகு முறை வந்தது.
கதிரைகளில் பாதி வெறுமை.
ஐந்து நிமிடம் பேசினார், விக்காமல்.
காரியதரிசித் துரை எழும்பி, கவனிக்கப்படும் என்றார்.
சிலர் மேசையைத் தட்டினார்கள்.
ஏன் தட்டினார்கள் என்பது
எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது,

ஆலடிமுறிப்புக்குப் பொலிஸ் வந்தபோது.

இரண்டு பேர். மலாய்க்காரர் சல்டீன், காலியிலிருந்து பொடிசிங்கோ.
ஒரு மணி, ஒரு சோடி விலங்கு, ஒரு குற்றப் புத்தகம்.
முதற் பதிவு:
யானை. பெயர் தெரியாது. நிலையத்துக் கூரையைத் தின்றது.
இரண்டாவது பதிவுக்கு ஒரு வருஷம் சென்றது.
மறியற்கூடு சும்மா கிடந்ததால்
ஊரார் விதைநெல்லை அதற்குள் அடுக்கினார்கள்.
வன்னியிலேயே காவலோடு தூங்கிய நெல் அது.
விதைக்கத்தான் தண்ணீர் இல்லை.

சுருக்கெழுத்துக்காரரின் காது, என்றார்கள் கச்சேரியில்.
சுலூஸ் போய்ப் பொலிஸ் ஆயிற்று.
அவர் பதினொரு கடிதம் எழுதினார்,
பதினொன்றையும் நான் தட்டச்சில் அடித்தேன்.
ஊருக்குப் போய் விளக்கவும் பார்த்தார்.
கமக்காரன் கந்தப்பொடி குறுக்கே மறித்தான்:
ஐயா, நாங்கள் என்ன களவெடுத்தோம்?
அதற்கு அவரிடம்
எந்தப் பாஷையிலும் வார்த்தை இல்லை.

அந்த மாரியில் அணை விண்டது.
சல்டீன் காய்ச்சலோடு அலைகரையில் நின்று
விடியும்வரை விசில் ஊதினார்.
சாக்கு, மண், கதவுப் பலகை, மறியற்கூட்டுக் கம்பி கூட
ஊர் கொண்டுவந்து போட்டது.
அரைக்குளம் மிஞ்சிற்று.
அது அறிக்கையில் இல்லை.

முப்பத்தொன்றில் எல்லாருக்கும் வாக்கு, பெண்களுக்கும்.
ஆளுக்கொரு நிறப் பெட்டி.
அவருக்கு மஞ்சள் விழுந்தது, காய்ச்சற் கண்ணின் நிறம்.
ஆலடிமுறிப்பு மூன்று வாக்குப் போட்டது.
இரண்டு ஆருடையவை என்று அவருக்குத் தெரியும்.
மூன்றாவதைக் கேட்கவில்லை.
எண்ணி முடிந்ததும் கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார்,
பையில் படம் இருந்தது.

அடுத்த வருஷம் தபாலில் ஒரு துண்டுத்தாள்.
கலைந்துபோன சபையின் பழைய தொகுதிக்கு:
இன்ன பக்கம், இன்ன வரி,
பொலிஸ் என்பதைச் சுலூஸ் என வாசிக்க.
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.
வருகிறவர்களுக்கு எழுந்து நின்று வாசித்துக் காட்டுவார்.
எட்டாவது தரம்.

பேச்சின் ஒரு பிரதி
முன்கூட்டியே சுருக்கெழுத்து மேசைக்குப் போகும், அது வழக்கம்.
அதை அடித்தவன் நான்,
மாங்குளத்தில், அரிக்கேன் விளக்கில்,
எனக்கும் அன்று காய்ச்சல்.
கார்பன் நகல் பெட்டிக்குள் இருக்கிறது.
இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை.