ஐந்தாம் கட்டம்

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி லாட்ஜில்
ஆறு கேமரா, ஒரு பழைய டெஸ்க்டாப்.
விண்டோசுக்குக் காசு கேட்கிறார்களென்று
முதலாளி மருமகன் லினக்ஸ் போட்டுவிட்டுப் போனார்
கோயம்புத்தூருக்கு.

பஞ்சவர்ணம் உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.
கையில் தம்பியின் ஆதார் நகல்.
இருநூற்றேழில் தங்கியவன்.
செவ்வாய் இரவு இருந்தான், புதன் காலை இல்லை.
"எந்தப் பக்கம் திரும்புனான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.
ஸ்டேஷன் பக்கமா, பஸ் ஸ்டாண்டுப் பக்கமா."

உலாவியைத் திறந்தேன்.
ஆறு கட்டமும் சாம்பல்.
இந்தச் செருகுநிரல் காலாவதியானது, பாதுகாப்பற்றது,
உங்கள் நலனுக்காகத் தடுக்கப்பட்டுள்ளது.
என் நலனை இத்தனை தூரம் யாரும் விசாரித்ததில்லை.

மருமகன் போனில் சொல்லச் சொல்ல
கறுப்புத் திரையில் அடித்தேன்.
கடவுச்சொல்லுக்கு ஒரு நட்சத்திரம்கூட விழவில்லை,
அடிக்கிறேனா இல்லையா, எனக்கே சந்தேகம்.
முப்பத்திரண்டுக்குச் செய்தது
அறுபத்துநாலில் உட்காராது என்றார்.
பழைய உலாவி ஒன்றை இறக்கினேன்.
அது தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்குள்
இன்டர்நெட் வயரைப் பிடுங்கு என்றார். பிடுங்கினேன்.

செருகுநிரலை வைக்கவேண்டிய அடைவு
கண்ணில் படவேயில்லை.
பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி, அவ்வளவுதான்,
மறைந்துவிடுமாம்.
எழுத்தின் தலையில் வைத்தால் உயிர் போகிறது.
பெயருக்கு முன்னால் வைத்தால் ஆளே போகிறார்.
இதைப் பஞ்சவர்ணத்திடம் சொல்லவில்லை.
வாங்கிக்கொடுத்த டீ ஏடு கட்டிக்கொண்டிருந்தது.

நாலாம் தரம், திரை கேட்டது:
எப்போதும் அனுமதிக்கவா, இம்முறை மட்டுமா?
இம்முறை மட்டும்.

கட்டங்கள் விழித்தன.
கரண்ட் போய் வந்ததில் கேமராவுக்கு
இரண்டாயிரம், ஜனவரி ஒன்று.
பால் வண்டி வந்ததை வைத்துப் பின்னோக்கி எண்ணினேன்.

இறங்கி வருகிறான்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
கவுண்டரில் ஒருவன் வாய் திறந்து தூங்குகிறான்.
அது நான்.
சாவியை வைக்கிறான், சத்தமில்லாமல்.
நின்று பார்க்கிறான்.
மேசை விசிறியின் கழுத்தைத் திருப்புகிறான்,
என் பக்கம்.
பிறகு கதவு.

"வாசல் கேமராவ போடுங்க."

ஐந்தாம் கட்டம் இன்னும் சாம்பல்தான்.
அது செருகுநிரல் கோளாறில்லை.
கேமரா செத்து ஒரு வருடம் ஆகிறது.
அவள் வந்தவுடனேயே சொல்லியிருக்கலாம்.

இப்போது சொன்னேன்.
திட்டுவாளென்று காத்திருந்தேன்.
முந்தானையால் திரையின் தூசியைத் துடைத்தாள்.

"விசிறியத் திருப்புனானே,
அத இன்னொரு தரம்."

பக்கம் மறுபடி அதே கேள்வியைக் கேட்டது.
எப்போதும் என்பதை அமுக்கினேன்.