பகுதி

முதல் வகுப்பில் நாங்கள் எல்லாரும்
எத்தனை பேர் செத்தார்கள் என்றுதான் கேட்டோம்.
எத்தனை பேரில், என்று திருப்பிக் கேட்டார் ஹாஃப்மன்.
கோட்டுக்கு மேலே இருப்பதை யாரும் எண்ணிவிடலாம்.
கீழே இருப்பதைத் தேடிப் போங்கள்.

மேலே தொகுதி, கீழே பகுதி.
ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் எழுதியது.
தொகுதிக்காவது ஒரு எம்.எல்.ஏ. உண்டு.

இதயமும் மூளையும் மேல் மாடிகளில்.
எங்கள் துறை நிலவறையில், சலவை அறைக்குப் பக்கத்தில்.
நீ எந்த உறுப்புக்கு டாக்டர் என்று சித்தப்பா கேட்டார்.
குழாய் என்றேன்.
மூத்திரக் குழாயா என்றார்.

மில்வாக்கி, பிப்ரவரி, வடக்கே ஒரு தெரு.
உப்புத் தூவிய பனியில் பூட்ஸ் வெளுத்துவிட்டது.
பட்டியலில் நாற்பது வீடு.
ஆளில்லை என்றால் எட்டு, மறுத்தால் ஒன்பது.
திரைச்சீலை அசைந்து, கதவு மட்டும் திறக்காத வீட்டுக்கு
எண் எதுவும் கொடுக்கவில்லை.

டெனீட்டா திறந்தார்.
நிலவறையில் பல்பு போய்விட்டிருந்தது.
அவர் செல்போன் வெளிச்சம் பிடிக்க
சாவியால் குழாயைச் சுரண்டினேன்.
செம்பு என்றால் காசு நிறம்,
இரும்பு என்றால் காந்தம் பிடிக்கும்.
இது புதுக் கொலுசு மாதிரி மின்னியது.
காந்தம் நிற்காமல் விழுந்து உருண்டது.
எடுத்துத் தந்த ஜமீருக்கு நாலு வயது.
இன்னொரு தடவை சுரண்டு, என்றான்.

ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
மேலே சமையலறையில்
பித்தளைக் குழாய் பளபளவென்று துடைத்திருந்தது.

தினம் காலையில் ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள்,
தாளில் இருந்ததை வாசித்தேன்.
ஓடுற தண்ணிக்கு பில்லை நீ கட்டுறியா என்றார்.
கோபமில்லை. பில்லையே எடுத்து வந்து காட்டினார்,
இரண்டு மாத பாக்கியோடு.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
கணினியில் ஏற்றும்போது ஓரம் ஏறாது.

ராத்திரி ரசத்துக்குப் புளி ஊறப்போட்ட பிறகுதான்
என் வாடகை வீட்டுக்கும் நிலவறை உண்டு என்று
உறைத்தது.
கோட்டுப் பையில் காந்தம் இருந்தது.
இறங்கினேன்.

அது விழுந்த சத்தம் கேட்டு
மேல்வீட்டு மாணவன் என்னவென்று குரல் கொடுத்தான்.

மாதிரியில் இல்லாத வீட்டைச் சேர்க்கக் கூடாது,
அது விதி. ஹாஃப்மன் அடித்துவிடுவார்.
நாற்பது நாற்பதாகவே இருக்கட்டும்.
ஆனால் இந்தப் பகுதியில்தான் நானும் இருக்கிறேன்.

மேசையில் புளித்தண்ணீர்.
இருமுறை கையில் எடுத்து
இருமுறை வைத்துவிட்டேன்.