வெள்ளிக்கிழமைக் கயிறு

ஒரு நாள் சம்பளத்துக்கு நடுவர் வேலை.
விசில் என்னுடையது. சாக்பீஸ் அவர்களுடையது.
கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவில்
கோடைக்கு மட்டும் வாடகைக்கு விடும் விடுதி.
தானேயிலிருந்தும் அலிபாகிலிருந்தும் வந்திருந்த
யூதப் பிள்ளைகள் ஐம்பத்திரண்டு பேர்.
பாதிக்கு நீலச் சட்டை, பாதிக்கு வெள்ளை.
பென்கர், தல்கர், ரோஹேகர் என்று
பட்டியல் வாசிக்க வாசிக்க
ஒவ்வொருவர் பேரிலும் ஒரு ஊர் கடைசியில் வந்து நின்றது.

கபடியில் நீலம்.
மராத்தியில் முனகிக்கொண்டே வருகிறவன்
எங்கே மூச்சு விட்டான் என்று கண்டுபிடிக்க
காதைக் கோட்டுக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டியிருந்தது.
ரிலேயில் வெள்ளை.
பாட்டுப் போட்டியில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை,
தொண்டைக்கு மதிப்பெண் போட்டேன்.
மதியம் மழை.
இரண்டு மணி நேரம் சாப்பாட்டு அறையில்
ஈரச் சாக்குகளோடு உட்கார்ந்திருந்தோம்.
பலகையில் நீலம் 212, வெள்ளை 209.

கடைசிப் போட்டிக்குப் பத்துப் புள்ளி.
அணிக்கு இரண்டு கம்பம்,
நடுவே நெஞ்சுயரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிறு.
கீழே தீ மூட்ட வேண்டும்.
யார் கயிறு முதலில் அறுகிறதோ அவர்களுக்கு வெற்றி.
யூகலிப்டஸ் விறகு தண்ணீர் குடித்திருந்தது.
வெள்ளையின் தலைவி டிவோரா
கன்னத்தில் கரியோடு மண்டியிட்டு ஊதினாள்.
நிசிம் தன் கணக்கு நோட்டையே கிழித்துப் போட்டான்.
புகைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஆறு இருபதுக்கு எலியாசர் சார்
கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மேற்கே மலையை.
"கையை எடுங்கள்" என்றார்.
ஐம்பத்திரண்டு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.
சனிக்கிழமை அவர்களுக்கு இன்றைக்கே, இப்போதே தொடங்குகிறது.
மூட்டிய தீ எரியலாம்.
ஒரு குச்சி கூடப் போடக் கூடாது.
பலகையில் எழுதவும் கூடாது.

சாப்பாட்டு அறை ஜன்னலில் இரண்டு மெழுகுவத்தி.
மைதானத்தில் இரண்டு தீ, தன் பாட்டுக்கு.
வெள்ளையின் கயிறு கறுத்தது, ஒரு புரி விட்டது,
அப்புறம் தீ தாழ்ந்தது.
என் ஷூவுக்குப் பக்கத்தில் ஒரு காய்ந்த கட்டை.
அந்த மலைச்சரிவில் அப்போது
விடுதலையான கை என் கை மட்டும்தான்.
எலிஷா, எட்டு வயது, வெள்ளைச் சட்டை,
கட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மிக மரியாதையாகக் கேட்டான்:
"மேடம், உங்களுக்குக் குளிரவில்லையா?"
குளிரத்தான் செய்தது.
எலியாசர் சார் அவன் தலையில் கை வைத்தார்,
சிரிப்பை மீசைக்குள் வைத்துக்கொண்டார்.
"நடுவருக்குக் குளிராது" என்று சொல்லிவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினேன்.
இரவெல்லாம் ஸ்வெட்டரில் புகை நாறியது.

ஞாயிறு காலை சம்பளம் வாங்கப் போனால்
மூட்டைகள் பஸ் மேல் ஏறிவிட்டன,
பிள்ளைகள் ஏறவில்லை.
வெள்ளையின் கயிறு அறுந்து கிடக்கிறது.
அதன் கீழே சாம்பலில்
என் உள்ளங்கையைவிடப் பெரிய குளம்படி.
இரவில் காட்டுமாடு குறுக்கே நடந்திருக்கிறது.
நேற்று முழுக்க யாரும் முடிச்சைத் தொடவில்லையாம்,
வாயை மட்டும் அடக்கவில்லையாம்.
"பாதியை எங்கள் தீதான் தின்றது" டிவோரா.
"மீதியை மாடு! விதியில் மாடு இருக்கிறதா?" நிசிம்.
டிரைவர் ஹாரன் அடித்தார்.

குனிந்து தடத்தைப் பார்த்தேன்.
அவசரமில்லாத நடை.
சோலைக்குள்ளிருந்து வந்து
நீலத்தின் கம்பத்தில் முதுகு தேய்த்துவிட்டு
வெள்ளைக்குள் புகுந்து தேயிலையில் இறங்கியிருக்கிறது.
கயிறு இருந்ததே அதற்குத் தெரிந்திருக்காது.

பலகைக்குப் போய் மூன்றாவதாய் ஒரு கோடு கிழித்தேன்.
மேலே "மாடு" என்று எழுதி
கீழே பத்துப் போட்டேன்.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
பிறகு எலிஷா கேட்டான்,
அதற்கு என்ன நிறச் சட்டை, மேடம்?