ஊதாக் கட்டங்கள்

எல்லோரும் அதைக் கடைசியில்தான் கேட்பார்கள்.
சமையலறைக் கல்லைத் தடவி,
குழாயைத் திறந்து மூடி,
சின்னப் படுக்கையறையில் கட்டில் போட்டால்
கதவு திறக்குமா என்று
கையை விரித்து அளந்து முடித்த பிறகு.
அப்போது குரல் தணியும்,
ஆஸ்பத்திரி வராந்தாவில் தணிவது போல.
"அந்த... மற்ற வீடுகள்
எந்தப் பக்கம் வரும்?"

என் பெயர் கெர்ரி-ஆன் தக்வெல்.
மாதிரி வீட்டின் கராஜில் என் மேஜை.
கூடையிலுள்ள எலுமிச்சைகள் பிளாஸ்டிக்.
மாடிக் கட்டில் அரை அடி குட்டையாகச் செய்தது.
இதையெல்லாம் நான் சொல்வதில்லை.
ஆனால் அதைக் கேட்டால் சொல்லியாக வேண்டும்.
வரைபடத்தை விரிப்பேன்.
விற்பனைக்கு உள்ளவை மஞ்சள்.
வீட்டுவசதிச் சங்கம் வாடகைக்கு விடுபவை ஊதா,
வானம்பாடி வீதியின் கோடியில்,
மழைநீர்க் குட்டைக்கு அந்தப் பக்கம்,
பதினான்கு.
(வானம்பாடி ஒன்றையும் நான் இங்கே பார்த்ததில்லை.)

ப்ரிட்மோர் தம்பதி ஒரு சனிக்கிழமை வந்தார்கள்.
அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்,
அவள் பல் மருத்துவரிடம் வரவேற்பாளர்.
ஏழு வருடம் அவள் அக்காவின் பின்னறையில் ஒடுங்கி
சேர்த்த முன்பணம்.
முப்பத்தைந்து வருடக் கடன்.
"நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்றாள்,
நான் வாயே திறக்காதபோது.
"விற்கும்போது விலை இறங்குமே, அதுதான்."
நாற்பத்தொன்றாம் மனையிலிருந்து
பக்கத்து ஊதாவரை
கட்டைவிரலை வைத்து அளந்தார் அவர்.
ஒன்றரை விரல்.
வேலி எவ்வளவு உயரம்?
வேலி இல்லை, புதர்தான் நடுவோம்.
எத்தனை நாளில் வளரும்?

அவர்களை எனக்குப் பிடித்துப்போனது.
பயந்தவர்கள் கெட்டவர்களாகவும் இருந்துவிட்டால்
என் வேலை எவ்வளவு சுலபம்.

"என்ன மாதிரி ஆட்கள் வருவார்கள்?"
"எல்லா மாதிரியும்" என்றேன்.
சட்டையில் குத்திய பெயர் அட்டையை
ஏனோ நேராக்கிக்கொண்டேன்.
ஊதாவில் ஐம்பத்தெட்டாம் மனைக்கு
நானும் விண்ணப்பித்திருந்தேன்.
இந்தக் காகிதத்தில் மஞ்சளாக உள்ள எதையும்
கமிஷன் சேர்த்தாலும் என்னால் வாங்க முடியாது.
கெட்டரிங்கில் ஒரு சலவைக் கடையின் மேலே
நானும் மகன் ஜெத்ரோவும் ஒற்றை அறையில்.
துணி உலரும் வெப்பத்தில் சுவர் எப்போதும் வேர்க்கும்.
பட்டியலில் எனக்கு நூற்றாறாவது இடம்.

கையெழுத்துப் போட்டார்கள். சாவி கொடுத்தேன்.

சங்கம் தன் பதினான்கு வீடுகளுக்கும்
டார்ச்சோடு ஓர் ஆளை அனுப்பியது.
அவர் தரையில் படுத்துக் குழாய்களைப் பார்த்தார்,
இரண்டு கூரைகளைத் திருப்பிப் பூசச் சொன்னார்.
மஞ்சளுக்கு அப்படி யாரும் வரவில்லை.
நவம்பரில் ஒரு நள்ளிரவு
ப்ரிட்மோர் வீட்டுக் குளியலறை
சமையலறைக்குள் இறங்கியது.
அவள் இரவு உடுப்போடு தெருவில் நிற்க,
கடைசிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வந்த
ஐம்பத்தெட்டாம் வீட்டு டெஸ்மண்ட் ஃபரோ
நடைபாதையில் மண்டியிட்டு
எந்த மூடிக்கடியில் வால்வு என்று
தடவிக் கண்டுபிடித்து அடைத்தாராம்.
டார்ச்சுக்காரர் அவருக்குக் காட்டித் தந்திருந்தார்.
எனக்கு யாரும் காட்டவில்லை,
நானும் யாருக்கும் காட்டியதில்லை.

மறுநாள் புகாரோடு அவளே வந்தாள்.
கண்கள் வீங்கியிருந்தன.
படிவத்தை நிரப்பினாள், மூன்று பக்கம்.
அந்த மனிதருக்கு ஒரு கேக் செய்து தர வேண்டும் என்றாள்.
எழுந்தாள், வாசல்வரை போனாள்,
திரும்பி நின்றாள்.
குரல் தணிந்தது.

"அந்தப் புதர்...
சீக்கிரம் வளரும் வகை ஏதும் இருக்கிறதா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
பட்டியலில் நான் இப்போது தொண்ணூற்றெட்டு.