அரைக் கைகுலுக்கல்

குத்தாய்ஸிக்கு மேலே, மலைச்சாலை முடிகிற பள்ளியில்
ஐந்தாம் வகுப்புக்குப் பதினோரு பேர்.
அக்டோபர். பச்சை அக்ரூட் தோலை உரித்து உரித்து
இருபத்திரண்டு கைகளும் மைக்கறுப்பு.

"எல்லோரும் எல்லோருடனும் ஒருமுறை கைகுலுக்குங்கள்.
ஒரு குலுக்கலுக்கு ஓர் அக்ரூட், இந்த வாளியில்.
மொத்தம் எத்தனை என்று முன்கூட்டியே சொல்பவருக்கு..."
பரிசை நான் யோசிப்பதற்குள் நாற்காலிகள் சரிந்தன.

மூவருக்கு மூன்று, நால்வருக்கு ஆறு, ஐவருக்குப் பத்து
என்று கரும்பலகையில் படியேறிப் போனாள் பார்பரே.
கடைசிப் படியில் ஐம்பத்தைந்து.
எங்கள் ஜார்ஜிய மொழியில் அது
இரண்டு இருபதும் பதினைந்தும்.

வாளியில் இருந்ததோ
இரண்டு இருபதும் பதினாலும்.

மறுபடி எண்ணினோம். பதினாலுதான்.
யாரோ தின்றிருக்கிறார்கள் என்றேன்.
கோச்சா வாயைப் பிளந்து காட்டினான்,
பல் விழுந்த இடம் வரைக்கும்.

சரி, அவரவர் கணக்கைச் சொல்லுங்கள்.
பத்து. பத்து. பத்து. பத்து.
குவான்ட்சா ஜன்னலைப் பார்த்தபடி, "ஒன்பது."
பத்து, பத்து என்று மிச்சமும் முடிந்தது.
ஒருத்தி எண்ணத் தவறிவிட்டாள், அவ்வளவுதான் என்று
நான் சாக்பீஸை எடுத்தேன்.

"ஒன்பது தனியா வராது, டீச்சர்."
அடுப்போரத்திலிருந்து பெசாரியோன்.
வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிறவன்.
"எல்லாத்தையும் கூட்டினா நூற்றொன்பது.
ஒரு குலுக்கலுக்கு ரெண்டு பேர்.
பாதியாக்கினா அரைக் கைகுலுக்கல் மிஞ்சுது.
அரைக் கையை யார் நீட்டினது?"

மிந்தியாவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அதனால்தான் எனக்கும் தெரிந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி,
கோடையில் இரண்டு மீட்டர் நகர்ந்த வேலி.
ஊருக்கே தெரியும். பாடத்திட்டத்தில் இல்லை.
"நானும் ஒன்பது" என்றான், வாளியிடம்.

நூற்றெட்டு. பாதி ஐம்பத்து நாலு.
கணக்கு சரியாகிவிட்டது.
சரியான விடைக்கு முன்னால்
இவ்வளவு அசடாய் நான் நின்றதில்லை.
குலுக்கச் சொல்லியிருக்கலாம்.
சொல்லிக் குலுக்கினால் அது என் குலுக்கல்,
அதற்கு அக்ரூட் கிடையாது.

ஆளுக்கு ஐந்து எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்றேன்.
ஒன்பது பேர் எடுத்தார்கள்.
வாளியில் ஒன்பது. எதிரெதிரே இருவர்.
அவள் நாலு எடுத்தாள்.
அவனும் நாலு.
மணி அடித்தது.

மறுநாள் காலை வாளி காலி.
எலியாகவும் இருக்கலாம்.
பார்பரேயின் ஐம்பத்தைந்தையும்
வாளியின் ஐம்பத்து நாலையும் அழிக்காமல்
பலகையின் ஓரத்தில்
பின்னங்களைத் தொடங்கினேன்.