தேறிய நிறை

பதவி உயர்வுப் படிவம், பக்கம் ஏழு.
வெள்ளி நாலு மணிக்குள் பதிவாளர் மேசைக்குப் போகவேண்டும்.
கட்டுரைகள் எத்தனை, மேற்கோள்கள் எத்தனை,
சுயமேற்கோள் கழித்து எத்தனை.
கோணேசபுரி வளாகத்தில் மின்சாரம் போய் வந்து
திரை மறுபடி விழிக்கும்போது
நான் இரண்டு பேராக இருக்கிறேன்.

கோ. நிரஞ்சலா: எட்டுக் கட்டுரை, ஐம்பத்தெட்டு மேற்கோள்.
நி. கோணாமலை: பதினொன்று, நூற்று முப்பத்தொன்று.

தலைப்பெழுத்தை விரித்து எழுதும்படி
ஒரு சஞ்சிகை கேட்டது, எழுதினேன்.
அதுதான் குடும்பப் பெயர் என்று
எங்கோ ஒரு இயந்திரம் முடிவெடுத்துவிட்டது.
அன்றிலிருந்து முடிவுள்ள கூட்டங்களைப் பற்றி
அப்பா எழுதிக்கொண்டிருக்கிறார்.

சீனக்குடா மா ஆலையின் நிறுவைப் பாலத்தில்
முப்பத்தொரு வருடம் இருந்த மனிதர்.
லொறி வெறுமையாக வந்து ஏறும், ஒரு சீட்டு.
மூட்டைகளோடு திரும்பி ஏறும், இன்னொரு சீட்டு.
கழித்தால் வருவது மா.
இதற்கு மேல் கணிதம் அவரிடம் கிடையாது;
எஸ்.எஸ்.சி.யில் கணக்கை
இரண்டு தரம் கோட்டைவிட்டவர்.

அவருடைய புகழ்பெற்ற கட்டுரை
இரண்டாயிரத்து மூன்றில் வந்தது.
நாற்பத்தாறு மேற்கோள்.
அதில் இருபத்தொன்பது
துணைத்தேற்றம் மூன்று பிழை என்று காட்ட வந்தவை.
முதலில் பிரேசிலில் ஒருவர், பின்பு புடாபெஸ்டில் இருவர்,
பிறகு யார் யாரோ, போகிற போக்கில்.
பிழை என்றாலும் எண்ணிக்கை ஏறும்.
ஏசினாலும் பேர் பேர்தான்.
முப்பத்தொரு வருடத்தில் ஒரு சீட்டிலும்
அரைக் கிலோ பிசகாதவருக்கு
அது என்னால் வந்த பேர்.

என் கணக்கிலுள்ள எட்டில்
பன்னிரண்டு பக்கத்தில் ஒன்று உண்டு.
உள்துறைமுக வீதி வாடகை அறையில்
கடற்படைச் சங்கு ஊதி ஓயும் இடைவெளிகளில் எழுதியது.
சரியானது. அழகானது என்றும் சொல்வேன்,
சொல்ல வேறு ஆளில்லை.
அதை மேற்கோள் காட்டியவர் உலகத்தில் ஒருவர்:
நி. கோணாமலை.
வேறு ஆள் என்பதால் அது கழிபடாது.

இடைவெளிக்குக் காரணம் கேட்கவும் ஒரு பெட்டி.
இரண்டாயிரத்து ஆறு, ஏழு:
இரண்டு பேருமே ஒன்றும் எழுதவில்லை.
மகப்பேறு, நோய், மேற்படிப்பு, வேறு.
'வேறு' என்பதற்குப் புள்ளடி போட்டேன்.
விளக்கத்துக்கு விட்டிருந்த இடம் ஒன்றரை அங்குலம்.
'தபால் வரவில்லை' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

இரவு உப்புவெளியில் அப்பாவிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றி,
திரையில் மூக்கு முட்ட, தன் பேரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.
"பிழை எண்டு சொன்னதையும் சேர்த்தே?"
"ஓம்."
"வெற்று நிறை கழிக்கேல்லையோ?"
"இல்லை."
"அப்ப உது மொத்த நிறை," என்றார்.
"உதுக்கு ஆர் காசு குடுப்பான்?"
ஆனால் மறுநாள் காலை சலூனில்
பிரேசில்காரன் ஒருத்தன் தன்னோடு கொழுவுகிறான் என்று
கழுத்தில் துண்டோடு சொல்லிக்கொண்டிருந்தாராம்.

திரையில் ஒரு கேள்வி துடிக்கிறது:
இருவரும் ஒருவரே எனில் இணைக்கவும்.
இணைத்தால் பத்தொன்பது கட்டுரை,
நூற்று எண்பத்தொன்பது மேற்கோள்,
சம்பளத்தில் ஒரு படி.
துணைத்தேற்றம் மூன்று என் தலைக்கு வரும்.
பன்னிரண்டு பக்கமும் சைபராகும்.
சலூனில் அப்பா என்ன சொல்வார் என்று தெரியாது.

வெள்ளி, மூன்று இருபது.
அம்புக்குறி பொத்தானின்மேல் நிற்கிறது.
பாலத்தில் லொறி நின்றதும்
முள் ஆடி அடங்கும்வரை
சாரதி இறங்கித் தள்ளி நிற்கவேண்டும்,
அவன் நிறை கணக்கில் சேராமல்.

கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து
யன்னலடியில் போய் நிற்கிறேன்.