கரண்ட் போன பாட்டு

நுவரெலியாவிலிருந்து திரும்பும் வேனில்
முதல் பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை.
நானுஓயா தாண்டியதும் மெர்லின்தான் ஆரம்பித்தாள்:
"அந்தச் சாம்பல் கவுன்ல, கவனிச்சீங்களா,
இடது தோள்ல ஊசி குத்தியிருந்துச்சு."
வங்கியில் கள்ள நோட்டுப் பிடிப்பவள்.
அவள் கண்ணுக்கு ஊசிதான் படும்.

"கவுன் பார்க்கவா போனே?" என்றார்
சத்தியசீலன் மாஸ்டர்.
லெனோரா பிரைஸின் பாட்டெல்லாம்
கொப்பியில் சொல் சொல்லாய் எழுதி வைத்திருப்பவர்.
"ரெண்டாவது பாட்டுல ஒரு வரிய விட்டுட்டா.
விட்டுட்டுச் சிரிச்சா பாரு,
அதுக்கே சரி, குடுத்த நாலாயிரத்து ஐந்நூறு."

"விடல மாஸ்டர், மாத்திப் பாடுனா.
நகரம்னு வர்ற இடத்துல மலைன்னு பாடுனா.
நமக்காக."
"ரிஸ்வானா, உனக்குக் கேட்டது உன் ஆசை."
"உங்களுக்குக் கேட்டது உங்க கொப்பி."
வேன் குலுங்கியது. பள்ளத்தாலா, சிரிப்பாலா,
டிரைவர் சிறியானைத்தான் கேட்க வேண்டும்.

அவளுடைய முதல் பாட்டு எங்களுக்கு வந்ததே
ரிஸ்வானாவின் தம்பி கட்டாரில் வாங்கிய
பழைய போனுக்குள், யாரோ அழிக்க மறந்ததாய்.
பாடுவது யாரென்று கண்டுபிடிக்க எட்டு மாதம்.
பிராட்வே என்பது தெரு என்று தெரிய
இன்னும் கொஞ்சம்.
அந்த நாடகங்களை நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை.
பாட்டை வைத்துக் கதையைக் கட்டிக்கொண்டோம்.
மாஸ்டர் கதையில் அவள் கப்பலேறிப் போவாள்,
மெர்லின் கதையில் கப்பலை விற்றுவிடுவாள்.

தலவாக்கலையில் பிளேன்டீக்கு நிறுத்தினோம்.
அங்கேதான் அதற்கு வந்தோம்.
வருவோமென்று எல்லோருக்கும் தெரியும்.

மண்டபத்தில் கரண்ட் போய்,
மைக் செத்து, தகரக் கூரையில் மழை
கல் கொட்டுகிற மாதிரி இறங்க,
அவள் பாடிக்கொண்டேயிருந்த அந்தப் பாட்டு.

"சப்பாத்தைக் கழட்டி வச்சா.
ரெண்டு சத்தம். எண்ணினேன்" – மெர்லின்.
"சுருதிய அரைக்கட்டை எறக்கிட்டா" – மாஸ்டர்.
"முதல்ல பயந்துட்டா. கழுத்துல தெரிஞ்சது"
என்றாள் ரிஸ்வானா.
"இருட்டுல கழுத்து தெரிஞ்சுதாக்கும்?"
"குரல்ல தெரியும் மாஸ்டர், கழுத்து."

புஷ்பநாதன் அண்ணன் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.
கொட்டகலைப் பக்கம் பெக்டரியில்
இரவு டிரையர் பார்க்கிறவர்.
கேட்ட பிறகுதான் சொன்னார்:
"மெசின் திடீர்னு நின்னா
பெக்டரியில ஒரு அமைதி வரும்.
பயந்து ஓடிப் போய்ப் பார்ப்போம்.
இன்னைக்கு அது வந்துச்சு. யாரும் ஓடல.
எனக்கு அவ்வளவுதான்."

"யாராச்சும் ரெக்கோட் பண்ணீங்களா?"
மாஸ்டர் எல்லா முகத்தையும் பார்த்தார்.
இல்லை என்றேன்.

ஆறு நிமிஷம் பதினொரு செக்கன்.
மண்டபத்துக் கழிவறை வரிசையில் நின்று
காதோடு வைத்து ஒருமுறை கேட்டுவிட்டேன்.
எல்லாம் தகரமும் மழையும்.
யாரோ இருமுகிறார்.
எங்கோ தூரத்தில் நூல் போல ஒன்று,
அது அவளா, மழைக்குள் மழையா, சொல்ல முடியாது.
ஆனால் கிட்டத்தில், என் தோளை ஒட்டி,
தெளிவாய் ஒரு குரல்:
"பாடு... பாடு புள்ள... விட்றாத."
பக்கத்துச் சீட்டில் இருந்தது
புஷ்பநாதன் அண்ணன்.

கழுத்தும் சப்பாத்தும் அரைக்கட்டையும்
அவரவரிடமே இருக்கட்டும்.
அந்த மழையைப் போட்டுக் காட்டி
நான் என்னத்தை நிரூபிக்க?

கொட்டகலையில் அவர் இறங்கினார்.
பன்னிரண்டு மணி ஷிஃப்ட்.
கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சட்டையோடு
டோர்ச் அடித்துக்கொண்டு பெக்டரி ரோட்டில் ஏறினார்.
வேன் கதவைச் சாத்த மறந்திருந்தார்.
தூவானம் சீட்டை நனைத்தது.
கொஞ்ச நேரம் யாரும் இழுத்துச் சாத்தவில்லை.

"வரிய விட்டுத்தான் பாடுனா,"
என்றார் மாஸ்டர், ஹட்டன் வெளிச்சம் தெரியும்போது.